முப்பத்தொன்றாம் பிளாக்கில் யாரும் இல்லை

பூஜ்யம் எங்கள் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொரு டம்ளர் கிடைக்குமா என்று கேட்டது.

பூஜ்யம் என்று நான் சொல்லவில்லை, அரசாங்கம் சொல்கிறது. மேஜைமேல் விரித்திருந்த புறநகர் வட்டத்தின் புதிய மக்கள் தொகைப் பட்டியலில், பக்கம் நாற்பத்திரண்டில், அச்சுப்பிழை இல்லாமல் இருந்தது: பிளாக் 31, வீடுகள் 186, மக்கள் 0. அந்தப் பூஜ்யத்தில் ஒரு பங்குதான் எதிரே இருந்த இஸ்திரிக்காரம்மா. ஐம்பது வயது இருக்கும். மணிக்கட்டில் பழைய சூட்டுத் தழும்பு. கையில், மடித்து மடித்து நைந்துபோன மனு.

"நூத்தி எண்பத்தாறு வீடு இருக்காம், ஆள் மட்டும் இல்லையாம்," என்றேன். "அப்போ வீட்டைக் கட்டினது கரையானா?"

"தம்பி," என்றார் அண்ணி.

அந்த ஒரு சொல்லுக்கு எங்கள் அலுவலகத்தில் 'வாயை மூடு' என்று அர்த்தம். அண்ணி என்றால் என் அண்ணனின் மனைவி, இந்தத் துப்பறியும் நிலையத்தின் முதலாளி. இருபத்திரண்டு வருஷம் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைந்தவர். ஒரு கோடு அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் யாருக்கு லாபம் என்று பார்த்துப் பார்த்தே துப்பறியக் கற்றுக்கொண்டார். நான் உதவியாளர். வயது நாற்பத்தெட்டு. தலையில் முடி இல்லை, வாயில் பூட்டு இல்லை என்பது கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் என் அண்ணன் கொடுத்த நற்சான்றிதழ்.

"முதல்லேருந்து சொல்லுங்கம்மா," என்றார் அண்ணி.

"சரக்கு ரயில் யார்டைப் பெருசாக்குறாங்க. எங்க பள்ளம் முழுசும் அதுக்குப் போகுது. போகட்டும். கணக்குல இருக்கறவங்களுக்கு ஏரிப் பக்கம் மாத்து வீடு தராங்க. எங்களுக்குக் கிடையாதாம். கணக்குலயே நாங்க இல்லையாம். காலிக் கொட்டகையைப் போட்டு வெச்சுக்கிட்டு வீடு கேக்குறீங்களான்னு ஆபீஸ் பியூன் சிரிக்கறான்."

"ஆட்சேபம் சொல்லக் கடைசி நாள்?"

"இன்னிக்குத்தான். அஞ்சு மணி வரைக்கும்."

சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றேகால். எங்களிடம் வருகிறவர்கள் எல்லாம் இப்படித்தான், வெள்ளம் தலைக்கு மேல் போனபிறகுதான் நீச்சல் சொல்லிக்கொடு என்பார்கள். ஆனால் இந்தம்மா மூன்று வாரமாக அந்த அலுவலகத்துக்கு நடந்திருக்கிறார். எட்டு முறை. மனுவின் பின்பக்கத்தில் எட்டு தேதி முத்திரைகள் இருந்தன.

"கணக்கெடுக்க வந்த வாத்தியாருக்கு யாரோ காசு கொடுத்திருக்காங்கம்மா," என்றார். "யாருன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் கொடுங்க. எழுநூறு பேருக்கு மேல இருக்கோம். எழுநூறு பேரு எப்படிம்மா இல்லாம போவோம்?"

"அந்த வாத்தியாரைப் பார்த்தீங்களா?"

"யாருமே பார்க்கல. விடியறதுக்கு முன்னாடி எல்லாரும் வேலைக்குக் கிளம்பிடுவோம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போயிடும். பகல்ல பள்ளத்துல நாய்தான் இருக்கும்."

அண்ணி எழுந்து கைப்பையை எடுத்தார். "நீங்க போய், வேலையை விட்டுட்டு வரக்கூடியவங்களை எல்லாம் கூட்டிக்கிட்டு வட்ட அலுவலகத்துக்கு வந்துடுங்க. தம்பி, வண்டியை எடு."

*

வட்டம் என்று பெயர்தானே தவிர, வரைபடத்தில் பார்த்தால் அது பின்பக்கம் தேய்ந்துபோன செருப்பு மாதிரி இருக்கும். வடக்கே ரயில் பாதை, தெற்கே தொழிற்பேட்டை, கிழக்கே நெடுஞ்சாலை, மேற்கே ஏரி. அறுபத்தொரு சதுர கிலோமீட்டரில் நாலு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் பேர். நகரத்துக்குள் வாடகை கொடுக்க முடியாதவர்கள் எல்லாம் இங்கே வந்து, இங்கேயும் வாடகை கொடுக்க முடியாமல் போனபிறகு, செருப்பின் தேய்ந்த குதிகாலுக்குப் போய்ச் சேருவார்கள். ரயில் பாதைக்கும் பெரிய சாக்கடைக் கால்வாய்க்கும் நடுவே இருக்கும் அந்தக் குதிகால்தான் முப்பத்தொன்றாம் பிளாக்.

"இந்த பிளாக்கை நான்தான் வரைஞ்சேன்," என்றார் அண்ணி, ஸ்கூட்டரின் பின்னால் இருந்து. "அப்போ இங்கே வெறும் தண்ணி. நீல மசி அடிச்சேன்."

"இப்போ மனுஷங்க வந்துட்டாங்க. மனுஷனுக்கு என்ன கலர் அண்ணி?"

"மனுஷனை வரைபடத்துல போடறதில்ல தம்பி. பட்டியல்லதான் போடுவோம்."

கால்வாய்க்கு மேல் பாலம் இருந்தது. பாலம் என்றால், இரண்டு பழைய மின்கம்பங்களைப் பக்கத்தில் பக்கத்தில் படுக்கப் போட்டிருந்தார்கள். கைப்பிடி கிடையாது. கீழே ஓடுவதை விவரித்தால் உங்கள் சாப்பாடு கெட்டுவிடும். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அளந்து அளந்து நடந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி வந்தேன். கால்வாய்க்கு நாங்கள் வந்த பக்கம், பாலத்தின் முனையிலேயே, ஒரு டீக்கடை. அங்கே உட்கார்ந்திருந்த இரண்டு பேர் என் நடையை வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

பள்ளத்தில் ஆள் இல்லை. ஆனால் ஆள் இருப்பதற்கான அடையாளம் எங்கே பார்த்தாலும் இருந்தது. கொடியில் ஈரம் சொட்டும் ஆறு பள்ளிச் சட்டைகள். ஒரே தகர டப்பாவில் ஏழு பல் தேய்க்கும் பிரஷ்கள். ஒரு சுவரில் கரியால் யாரோ பெருக்கல் கணக்கு போட்டுப் பார்த்து, தப்பாகவே முடித்திருந்தார்கள்.

வாசல்களில்தான் வேடிக்கை. ஒரு வீட்டை நகைக்கடை விளம்பரப் பேனர் மறைத்திருந்தது. அடுத்த வீட்டு வாசலில் ஒரு பல்பசைச் சிரிப்பு, பாதி கிழிந்து தொங்கியது. அதற்கடுத்து வெறும் கோணிச்சாக்கு. வரிசை முழுக்க அப்படித்தான்.

எங்களைப் பார்த்துவிட்டு ஒரு கிழவர் சாக்கை விலக்கி எட்டிப் பார்த்தார். அன்றைக்குக் காய்ச்சலாம், அதனால் வேலைக்குப் போகவில்லையாம்.

"கதவெல்லாம் எங்கே பெரியவரே?" என்று கேட்டேன்.

"போன வருஷ வெள்ளத்துல போச்சு. அதுக்கு முந்தின வருஷமும் போச்சு. மரத்தை வாங்கி வாங்கித் தண்ணிக்குக் கொடுத்துக்கிட்டே இருக்க முடியுமா?"

"திருட்டு பயம் இல்லையா?"

"திருட வர்றவன், பார்த்துட்டுப் பரிதாபப்பட்டு ஏதாவது வெச்சுட்டுப் போனாத்தான் உண்டு."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அண்ணி சிரிக்கவில்லை. திரும்பி அந்தப் பாலத்தைப் பார்த்தார், டீக்கடையைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை.

*

வட்ட அலுவலகத்தின் ஆவண அறைக் காப்பாளர் அண்ணியோடு பழைய அலுவலகத்தில் பசைப் பாட்டில் பங்குபோட்டவர். ரிட்டயர் ஆகிற வயதில் தூசிக்கு நடுவே தும்மிக்கொண்டிருந்தார்.

"முப்பத்தொண்ணாம் பிளாக் கணக்குப் புத்தகம் வேணும்," என்றார் அண்ணி. "கம்ப்யூட்டர்ல அடிச்சது இல்ல. வாத்தியார் கையால எழுதினது."

"பார்த்துட்டு உடனே கொடுத்துடணும். நான் கொடுக்கல, நீங்க பார்க்கல."

"நீங்க தும்மவும் இல்ல," என்றேன் நான்.

புத்தகத்தைப் பிரித்தோம். நூற்றெண்பத்தாறு வரிகள். வீட்டு எண் முன்கூட்டியே அச்சாகியிருந்தது. அதற்கு எதிரே, 'ஆட்கள்' என்ற கட்டத்தில், எல்லா வரியிலும் ஒரே ஒரு எழுத்து. பூ. பூ. பூ. பக்கம் பக்கமாகப் பூ.

"பூந்தோட்டமே போட்டிருக்கார்!" என்றேன்.

அடுத்த அறையில், மணிக்கட்டில் கட்டுப்போட்ட ஒரு பெண் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தாள். இந்த வட்டத்தின் நாலு லட்சத்துச் சொச்சம் பேரும் அவள் விரல் வழியாகத்தான் பட்டியலுக்குப் போனார்கள். அண்ணி அவளிடம் புத்தகத்தைக் காட்டி, இந்த எழுத்தை என்னவென்று அடித்தாய் என்று கேட்டார்.

"பூஜ்யம்னுதான் மேடம். 'பூ'ன்னா பூஜ்யம்தானே? பின்னே ரோஜாவா?" அவளுக்குப் பயம் வந்துவிட்டது. "ஒரு நாளைக்கு ரெண்டாயிரம் வரி அடிக்கணும் மேடம். ஒவ்வொரு எழுத்துக்கும் எழுந்துபோய் யார்கிட்ட கேக்கறது?"

அண்ணி ஆவண அறைக்குத் திரும்பி, அதே புத்தகத்தில் வாத்தியாரின் முந்தைய பிளாக்கைப் புரட்டினார். முப்பதாம் பிளாக், தார் ரோடு, மாடி வீடுகள். விரல் ஒரு வரியில் நின்றது. அங்கேயும் ஒரு 'பூ' இருந்தது. ஆனால் அதை அடித்துவிட்டு, பக்கத்தில் வேறு மையில் '5' என்று எழுதி, மூன்று நாள் கழித்த தேதி போட்டிருந்தது.

"தம்பி, இது என்ன சொல்லுது?"

"முதல்ல பூஜ்யம், மூணு நாள்ல அஞ்சு. அதிவேகக் குடும்பம்."

"காலி வீட்டுக்கு இவர் 'கா'ன்னு போட்டிருக்கார், இங்கே பாரு."

"பூவும் இருக்கு, காயும் இருக்கு, பழம் எங்கே அண்ணி?"

"விளையாடாதே. வீடு காலின்னா 'கா'. அப்போ 'பூ'ங்கறது காலி வீடு இல்ல. யாருமே இல்லாத வீட்டுக்கு மூணு நாள் கழிச்சு யாராவது திரும்பி வருவாங்களா? எந்த வீட்டுக்குத் திரும்பி வருவாங்க?"

எனக்கு மண்டையில் உறைத்தது. "பூட்டின வீட்டுக்கு! பூன்னா பூட்டு!"

ஆக, லஞ்சமும் இல்லை, சதியும் இல்லை. வாத்தியார் 'பூட்டு' என்று எழுத வேண்டிய இடத்தில் சோம்பல்பட்டு ஓர் எழுத்தோடு நிறுத்தினார். அந்தப் பெண் அதைப் பூஜ்யம் என்று படித்தாள். இரண்டும் ஒரே எழுத்தில் ஆரம்பித்தது எழுநூறு பேரின் தலைவிதி. நான் ஆவண அறையிலேயே ஒரு சுற்று ஆடினேன். காப்பாளர் தும்மி ஆசீர்வதித்தார். அண்ணி மட்டும் அந்தப் புத்தகத்தையே இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப யோசிக்கிறாரே என்று நினைத்தேன். ஜெயித்த பிறகு என்ன யோசனை என்று கேட்கத் தோன்றவில்லை.

*

வட்ட அதிகாரி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அண்ணி சொன்னதை முழுசாகக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு புத்தகத்தைப் பார்த்தார். வெளியே வாசலில் இஸ்திரிக்காரம்மா கூட்டி வந்த நாற்பது பேர் வெயிலில் நின்றிருந்தார்கள்.

"ஜன்னல் வழியா பாருங்க சார்," என்றேன். "உங்க பூஜ்யம் நாற்பது பேர் கால் மாத்தி மாத்தி நிக்கறாங்க. எண்ணிக்குங்க."

"வீட்டுல வெச்சு எண்ணத்தான் எனக்கு விதி இருக்கு. வாசல்ல நிக்கறவங்களை எண்ணினா, பஸ் ஸ்டாண்டுதான் நாட்டுலயே பெரிய ஊரா இருக்கும்." அவர் ஒரு படிவத்தை உருவினார். "ஆனா நீங்க சொல்றதுல விஷயம் இருக்கு. பூட்டின வீடுன்னா விதி வேற. வீட்டுக்கு நாலு பேர்னு சராசரி போட்டு ஏத்தலாம். நூத்தி எண்பத்தாறு இன்ட்டு நாலு... எழுநூத்தி நாற்பத்தி நாலு. மாத்து வீடும் தானா வந்துடும்."

எனக்கு அவர் கன்னத்தில் முத்தம் கொடுக்கலாம்போல் இருந்தது.

"அதுக்கு, கணக்கெடுத்தவர் இதுல ஒரு கையெழுத்து போடணும். அஞ்சு மணிக்குள்ள. அஞ்சு மணிக்குப் பட்டியல் மேலே போயிடும், அப்புறம் நான் நினைச்சாலும் ஒரு எழுத்தை மாத்த முடியாது. அடுத்த கணக்கு பத்து வருஷம் கழிச்சுத்தான்."

"இதே புத்தகத்தை வெச்சு நீங்களே மாத்த முடியாதா சார்?" என்று அண்ணி கேட்டார்.

"'பூ'ன்னா பூட்டுன்னு நீங்க சொல்றீங்க, நான் நம்பறேன். என் நம்பிக்கைக்கு இங்கே கட்டம் இல்லையே."

படிவத்தில் இரண்டே வரி. 'மேற்படி வீடுகளுக்கு நான் நேரில் சென்றேன். கதவுகள் பூட்டியிருந்ததைக் கண்டேன்.' கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு.

வெளியே வந்ததும் இஸ்திரிக்காரம்மா ஓடி வந்தார். "கிடைச்சிடும்மா," என்று நானே சொன்னேன். அண்ணி என் முழங்கையைக் கிள்ளினார். சொன்னது சொன்னதுதான். நாற்பது முகமும் ஒரே நேரத்தில் மலர்ந்ததைப் பார்த்தேன். ஒரு பெண் கைக்குழந்தையைத் தூக்கி என்னைக் காட்டினாள்.

*

வாத்தியார் மருத்துவ விடுப்பில் இருப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். வீடு தொழிற்பேட்டைக்குப் பின்னால், இரண்டாம் மாடி. மணி மூன்று ஐம்பது. கதவைத் திறந்தது அவர் மனைவி.

"அவர் ஊர்ல இல்லீங்க. வர ஒரு வாரம் ஆகும்."

அண்ணி உள்ளே ஒரு பார்வை பார்த்தார். "பரவாயில்லைங்க. பரீட்சைப் பேப்பரை நீங்கதான் திருத்தறீங்களா? மேஜையில மூடாத சிவப்புப் பேனா இருக்கு. கடைசி மார்க்குல மை இன்னும் பளபளக்குது."

அந்தம்மா திரும்பி மேஜையைப் பார்த்தார். பாவம், பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "லஞ்சம் வாங்கிட்டார்னு ஊரெல்லாம் பேசறாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "மூணு வாரமா வெளியில தலை காட்டல. ராத்திரி தூங்கறதில்ல."

"அவர் லஞ்சம் வாங்கலைன்னு நிரூபிக்கத்தான் வந்திருக்கோம்," என்றார் அண்ணி.

உள் அறைக் கதவு உடனே திறந்தது. நரைத்த தாடி, ஒரு முழங்காலில் துணிப்பட்டை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடை. அண்ணி விஷயத்தைச் சொல்லச் சொல்ல அந்த மனுஷனின் கண் கலங்கிவிட்டது.

"பூட்டுதான்! பூட்டுன்னு நினைச்சுத்தான் எழுதினேன். பூஜ்யம்னா நான் எதுக்கு எழுத்துல எழுதறேன், முட்டை போட்டுட்டுப் போகமாட்டேனா? பசங்க பேப்பர்ல தினம் போடறேனே!" அவர் மனைவியைப் பார்த்தார். "கேட்டியா? நான் சொன்னேன்ல?"

"இதுல ஒரு கையெழுத்து போட்டா முடிஞ்சுது," என்று அண்ணி படிவத்தை நீட்டினார். வழக்கமாக நிதானமாகப் பேசுகிறவர், அன்றைக்குக் கொஞ்சம் அவசரமாகப் பேசினார். "படிக்கக்கூட வேண்டாம் சார், நேரமாச்சு. இங்கே, இந்தக் கோட்டுல."

வாத்தியார் சிவப்புப் பேனாவை எடுத்தார். நீலத்தில் போட வேண்டும் என்று அண்ணி தன் பேனாவைக் கொடுத்தார். வாத்தியார்கள் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடமாட்டார்கள். அவர் படித்தார். பேனா முனை புள்ளிக்கோட்டில் வந்து நின்றது.

எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் என் வாய் தானாகத் திறந்துகொள்ளும், அது பிறவிக் கோளாறு.

"யோசிக்காதீங்க சார், சும்மா போடுங்க," என்றேன். "ஆனாலும் ஒரு சந்தேகம். கோணிச்சாக்குல எப்படி சார் பூட்டு தொங்கவிட்டாங்க?"

சொல்லி முடிப்பதற்குள் எனக்கே புரிந்துவிட்டது.

பள்ளத்தில் கதவே கிடையாது. கதவு இல்லாத வீட்டை யாரும் பூட்ட முடியாது. பூட்டாத வீட்டைப் பூட்டியிருந்ததாக எழுதியவர் அந்த வீட்டைப் பார்த்திருக்கவே முடியாது. பதினொரு வருஷ உதவியாளர் வாழ்க்கையில் நானாகக் கண்டுபிடித்த முதல் விஷயம் இதுதான். அதைக் கண்டுபிடிக்காமலே செத்திருக்கலாம்.

வாத்தியார் பேனாவை மேஜைமேல் வைத்தார்.

"கதவு இல்லையா?" என்று கேட்டார், என்னிடம்.

 அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் சொன்னார்.

"அந்தக் கம்பத்துமேல என்னால நடக்க முடியல. ரெண்டு அடி வெச்சேன், முட்டி நடுங்கிச்சு. டீக்கடையில உட்கார்ந்தேன். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்கன்னு கடைக்காரர் சொன்னார். சரி, பூட்டிட்டுத்தானே போயிருப்பாங்கன்னு எல்லாத்துக்கும் 'பூ' போட்டேன். சாயங்காலமா ஒரு நாள் யாரையாவது துணைக்குக் கூட்டிட்டுப் போய் எண்ணிடலாம்னு இருந்தேன். சத்தியமா இருந்தேன். அதுக்குள்ள புத்தகத்தை வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"போகட்டும் சார்," என்றார் அண்ணி. குரல் மாறவே இல்லை. "இப்பவும் போடலாம். அங்கே போய்ப் பார்க்க யாருக்கும் நேரம் இல்ல."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கு இது முன்பே தெரியும்.

"போடுங்க," என்றார் அவர் மனைவி. "எழுநூறு பேருங்க."

"எனக்கு ரிட்டயர்மென்டுக்கு ஏழு மாசம் இருக்கு," என்றார் வாத்தியார். அவர் விரல் என்னைக் காட்டியது. "இந்த ஆளுக்கே தெரிஞ்சுபோச்சு. நாளைக்கு ஒரு போட்டோ எடுத்தா அதிகாரிக்குத் தெரியாதா? அன்னிக்கு எழுதினது சோம்பேறித்தனம். இது பொய்ச் சத்தியம். வேலையும் போகும், பென்ஷனும் போகும்."

"அப்போ உண்மையை எழுதிக் கொடுங்க. நான் போகவே இல்லைன்னு. அதைக் காட்டி இன்னும் ரெண்டு நாள் அவகாசம் கேட்டுப் பார்க்கறேன்."

"அதுக்கும் வேலை போகும்."

அண்ணி கால் மணி நேரம் பேசினார். கெஞ்சினார். அண்ணி கெஞ்சி நான் பார்த்ததில்லை. அவர் மனைவி அழுதார். வாத்தியாரும் அழுதார். எல்லோரும் அழுதுகொண்டே இருந்தும் அந்தப் புள்ளிக்கோடு காலியாகவே இருந்தது. நான்கு இருபதுக்கு அவர் எழுந்து உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

*

மாடிப்படியில் இறங்கும்போது கேட்டேன். "அண்ணி, உங்களுக்கு எப்போ தெரியும்?"

"ஆவண அறையில. பூட்டுன்னு நீ குதிச்சியே, அப்போ."

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"எதையும் மனசுல வெச்சுக்க உன்னால ஆகாதுன்னு நினைச்சேன்."

"சொல்லியிருந்தா நாக்கைக் கடிச்சுக்கிட்டு இருந்திருப்பேன் அண்ணி. சத்தியமா."

அண்ணி கடைசிப் படியில் நின்றார். "இருந்திருப்பே. எனக்குத் தெரியும். சொல்லாதது என் தப்புதான், தம்பி." அவர் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஸ்கூட்டரைக் கிளப்பாமல் நின்றேன். "அந்தக் கையெழுத்தை நானே போடறேன். பரீட்சைப் பேப்பர்ல பார்த்தேன், கோழிக் கிறுக்கல்தான். ரெண்டு தடவை பழகினா வந்துடும்."

"நானும் யோசிச்சேன். அவர் 'இது நான் போட்டது இல்ல'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதும். மனு யார் பேர்ல இருக்கு? ஜெயிலுக்குப் போறது நீயும் நானும் மட்டும் இல்ல, அந்த இஸ்திரிக்காரம்மாவும்தான். வண்டியை எடு."

போகும் வழியில் வழக்கமான கூட்டம். பஸ், லாரி, ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வரும் ஆட்கள். எல்லோரும் ஏதோ ஒரு பக்கத்தில், ஏதோ ஒரு வரியில் இருக்கிறவர்கள். நாலு லட்சத்துச் சொச்சம். எனக்கு அன்றைக்கு அவர்கள் எல்லோர்மேலும் கோபமாக வந்தது.

அலுவலகத்தை அடைந்தபோது மணி நான்கு ஐம்பது. அண்ணி நேராக அதிகாரியிடம் போனார். வெறும் படிவத்தை மேஜைமேல் வைத்து, நடந்தது எல்லாவற்றையும் சொல்லி, வாயால் சொல்வதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அதிகாரி படிவத்தைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கமாவது ஏதாவது இருக்கிறதா என்று. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இதையெல்லாம் நீங்க என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதும்மா. சொல்லாம இருந்திருந்தா, பூட்டா இருக்கலாமோங்கற சந்தேகமாவது பாக்கி இருந்திருக்கும்," என்றார். சொல்லும்போது அவருக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

கம்ப்யூட்டர் அறையில் அந்தப் பெண் பட்டியலை மேலே அனுப்பிவிட்டு மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே இப்போது நூறு பேர் இருப்பார்கள். நான் 'கிடைச்சிடும்' என்று சொன்ன செய்தி பரவி, பாதி வேலையைப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூட்டி வந்திருந்தார்கள். பெயர் கொடுக்க வேண்டியிருக்குமாம், பிள்ளைகளின் முழுப் பெயரையும் ஒருத்தர் காகிதத்தில் எழுதிக்கொண்டிருந்தார். 

இஸ்திரிக்காரம்மா முன்னால் வந்தார். அண்ணியின் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நடக்கவில்லை என்பது அதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. அவர் அழவில்லை. காலையில் கேட்டதைத்தான் மறுபடியும் கேட்டார்.

"யாரும்மா காசு கொடுத்தது?"

"யாரும் கொடுக்கல," என்றார் அண்ணி.

"பொய் சொல்லாதீங்க. யாருன்னு சொல்லுங்க. நாங்க ஒண்ணும் செய்ய மாட்டோம். தெரிஞ்சுக்கணும், அவ்வளவுதான்."

 நான்தான் சொன்னேன். "நிஜமா யாரும் கொடுக்கலைம்மா. அவர் வரவே இல்ல. முட்டி வலியாம். பாலத்தைப் பார்த்துப் பயந்துட்டு டீக்கடையில உட்கார்ந்தே எழுதிட்டார். ஒரு எழுத்துதான் எழுதினார். அதையும் இங்கே தப்பா படிச்சுட்டாங்க."

மீதியை நான் சொல்லவில்லை. பேனா புள்ளிக்கோட்டில் வந்து நின்றதையும், அதை அங்கிருந்து எடுக்க வைத்தது யார் என்பதையும் சொல்லவில்லை. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

 என்ன ஆச்சு என்று பின்னால் இருந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒரு சிறுமி இஸ்திரிக்காரம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீ குடிக்கற நேரத்துல," என்றார் கடைசியில். பிறகு அண்ணியைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்: "காசு வாங்கிட்டு எழுதியிருந்தாக்கூட, எங்களுக்குன்னு ஒரு விலையாவது இருந்திருக்கும்மா."